ஜெபத்துக்குப் பதில் வரும் என்று நம்புவது எதை நம்புவது?

"கொஞ்சம் ஜெபத்துல நினைச்சுக்கிடுங்க." குமரி மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் காதில் இந்தப் பேச்சு விழாத வாரம் இருக்காது. பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறது, மகனுக்கு வளைகுடாவில் வேலை கூடி வந்திருக்கிறது, அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்திருக்கிறார்கள், பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் இதுதான். சொல்கிறவர் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வந்தால் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை, கத்தோலிக்க ஆலயம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபை, இடையிடையே முக்குக்கு முக்கு குருசடி (சிலுவை நிற்கும் சின்ன ஜெபக்கூடம்) என்று ஜன்னலோரத்திலேயே திருச்சபை வரலாறு ஓடும். ஜெபம் என்பது இங்கே தெருப்பேச்சு.

ஆனால் அப்படிச் சொல்லும்போது எதை நம்பிச் சொல்கிறோம் என்று கேட்டால், சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடக் கொஞ்சம் தடுமாறுவார்கள். கேட்டது நடக்கும் என்றா? நடந்தாலும் நடக்கலாம் என்றா? நடக்காவிட்டால் நம் விசுவாசத்தில் கோளாறு என்றா? சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், பழையவர்களாக இருந்தும் இதை யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கும் இந்தக் கட்டுரை. வசனங்களைப் பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். காதுக்குப் பழகியது அதுதான்.

கேட்பது யாரிடம்?

இரண்டு நம்பிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். நான் கேட்டது அப்படியே கிடைக்கும் என்பது ஒன்று. நான் கேட்பதை ஒருவர் கேட்கிறார், அவர் என்மேல் அன்புள்ளவர், எனக்கு நல்லதைச் செய்வார் என்பது இன்னொன்று. கிறிஸ்தவம் அடித்தளமாக வைப்பது இரண்டாவதை. முதலாவது பல நேரம் அதோடு சேர்ந்து வரும், சில நேரம் வராது.

எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" (மத்தேயு 7:7). சுவரில் மாட்டும் காலண்டரில் இவ்வளவுதான் இருக்கும். இயேசு அங்கே நிறுத்தவில்லை. அப்பம் கேட்கிற பிள்ளைக்குக் கல்லையும் மீன் கேட்கிற பிள்ளைக்குப் பாம்பையும் கொடுக்கிற தகப்பன் உண்டா என்று கேட்கிறார். அப்புறம், பரலோகத்திலிருக்கிற பிதா தம்மிடம் கேட்கிறவர்களுக்கு "நன்மையானவைகளை" கொடுப்பது அதைவிட நிச்சயம் என்று முடிக்கிறார் (7:11). உத்தரவாதம் தகப்பனுடைய குணத்தின்மேல் நிற்கிறது. நம் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஐட்டமும் வரும் என்று அவர் அங்கே எழுதிக் கொடுக்கவில்லை.

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்குமே, அங்கே போயிருக்கிறீர்களா? மனுவை நன்றாக எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், முந்தைய மனுவின் ரசீது எல்லாம் இணைக்க வேண்டும். உள்ளே தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது. நம்மில் பலர் ஜெபத்தை இந்தத் திங்கட்கிழமை மாதிரிதான் நடத்துகிறோம். மொழி கனமாக இருக்க வேண்டும், இத்தனை நாள் உபவாசம் இருந்ததை இணைப்பாக வைக்க வேண்டும், பெரிய ஊழியக்காரர் ஒருவர் சிபாரிசு செய்தால் ஃபைல் சீக்கிரம் நகரும் என்று ஓர் எண்ணம். கலெக்டரின் சொந்தப் பிள்ளை மனு எழுதிக்கொண்டா வரிசையில் நிற்கும்? அடுக்களை வாசலில் நின்று "அப்பா, பசிக்குது" என்று சொல்லும். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் "எங்கள் பிதாவே" என்று தொடங்குவது அந்த அடுக்களை வாசலில் நின்றுதான்.

லூக்கா 18-ல் ஒரு விதவையின் கதை வருகிறது. நியாயாதிபதி கடவுளுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதியாதவன். அவள் விடாமல் போய்ப் போய்த் தொந்தரவு செய்ததால், தொல்லை விட்டால் போதும் என்று தீர்ப்புச் சொல்கிறான். இதைப் படித்துவிட்டு, கடவுளையும் இப்படி நச்சரித்தால்தான் காரியம் நடக்கும் என்று சிலர் போதிக்கிறார்கள். கதை எதிர்த்திசையில் போகிறது. இவ்வளவு மோசமானவனே கடைசியில் செவிகொடுத்தான் என்றால், நல்லவரான கடவுள் கேட்காமல் போவாரா என்பதுதான் இயேசுவின் கேள்வி. சோர்ந்துபோகாமல் கேட்டுக்கொண்டே இருங்கள் என்பதற்காகச் சொன்ன கதை என்று லூக்காவே முதல் வரியில் எழுதியிருக்கிறார். ஆகவே ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பதில் தப்பில்லை. பிள்ளை ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பதில்லையா?

அவருக்குத்தான் தெரியுமே, பிறகு ஏன் கேட்பது?

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் நல்ல கேள்வி இது. பைபிளே இதை எடுத்துப் பேசுகிறது. நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்களுக்கு என்ன தேவை என்று பிதாவுக்குத் தெரியும் என்கிறார் இயேசு (மத்தேயு 6:8). நாமாக இருந்தால் அடுத்த வரியில் "அதனால் ஜெபிக்க வேண்டாம்" என்று எழுதியிருப்போம். அவரோ, அதனால் இப்படி ஜெபியுங்கள் என்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். தெரியாத ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டிய பதற்றம் இல்லாததால்தான் நிதானமாகக் கேட்க முடிகிறது. மறுபக்கம், நீங்கள் கேட்காததால்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று யாக்கோபு நிருபம் (4:2) சொல்கிறது. கேட்பதால் உண்மையிலேயே ஏதோ மாறுகிறது என்பதும் வேதத்தில் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சேரும் என்று இறையியலாளர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் இருக்கிறவர்கள் அந்த வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் ஜெபிக்க வேண்டும் என்றில்லை.

அந்த ஜெபத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். அப்புறம் அன்றன்றைக்கு வேண்டிய அப்பம். பிறகு மன்னிப்பு, தீமையினின்று விடுதலை. ஒரு வருடத்துக்கான அரிசியைக் கேட்கவில்லை, இன்றைய சாப்பாட்டை. இவ்வளவு சின்ன விஷயத்தைக் கடவுளிடம் கேட்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். ஸ்கூட்டர் சாவி தொலைந்தாலும் கேட்கலாம். ஆனால் உங்கள் ஜெபம் முழுக்கச் சாவியாகவே இருந்தால், வரிசையின் முதல் பாதி எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர் மழையை நினைத்தால் இன்னொரு விஷயமும் பிடிபடும். இந்தச் சின்ன மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியற்காலையில் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு மட்டும் மழை வேண்டாம் ஆண்டவரே என்கிறார். மரம் நனைந்தால் அன்றைய வெட்டு போயிற்று, அன்றைய கூலியும் போயிற்று. அதே காலையில் பூதப்பாண்டிப் பக்கம் வயல்காரர் ஒருவர் மழைக்காக ஏங்கி நிற்கிறார். குளச்சலில் வள்ளம் இறக்கப்போகிறவருக்குக் காற்று அடங்க வேண்டும். மூன்று பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே ஜெபத்தைச் சொன்னவர்களாக இருக்கலாம். மூவருக்கும் அன்றைக்கே அப்படியே "ஆம்" என்று சொல்ல முடியாது. என் ஜெபத்தைக் கேட்கிறவர் என் பக்கத்து வீட்டுக்காரரின் ஜெபத்தையும் கேட்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

"ஆம், இல்லை, பொறு"

ஓய்வுநாள் பள்ளியில் இப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள்: கடவுள் எல்லா ஜெபத்துக்கும் பதில் கொடுக்கிறார், அது ஆம், இல்லை, பொறு என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். பிள்ளைகளுக்கு இது போதும். பெரியவர்களுக்குப் போதாது என்பது என் எண்ணம். எது நடந்தாலும் மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும் என்றால், அந்த விளக்கம் யாரையும் தேற்றாது. குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் போய் "கடவுள் உன் ஜெபத்துக்கு 'இல்லை' என்று பதில் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

பைபிளில் இதைவிட ஆழமான இடங்கள் உண்டு. அப்போஸ்தலனான பவுல் தன் மாம்சத்தில் உள்ள முள், அதாவது தன்னை வாட்டிய ஒரு வேதனை, நீங்க வேண்டும் என்று மூன்று தரம் கேட்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பேச்சு வந்தது (2 கொரிந்தியர் 12:9). அது வெறும் மறுப்பில்லை. கேட்டதற்குப் பதிலாக, கேட்டவரோடு ஒருவர் பேசியிருக்கிறார்.

கெத்செமனே தோட்டத்தில் இயேசு, இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று கேட்டார். "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றும் சேர்த்துச் சொன்னார். பாத்திரம் நீங்கவில்லை. மறுநாள் சிலுவை. நம் கணக்கில் இது பதில் கிடைக்காத ஜெபம். ஆனால் எபிரெயர் 5:7, அவர் கண்ணீரோடு ஏறெடுத்த விண்ணப்பம் கேட்கப்பட்டது என்று எழுதுகிறது. மரணத்திலிருந்து தம்மை இரட்சிக்க வல்லவரிடம் கேட்டார், கேட்கப்பட்டார், இருந்தும் மரித்தார், மூன்றாம் நாள் எழுந்தார். கிறிஸ்தவர்கள் "கேட்கப்பட்டது" என்று சொல்லும்போது அதன் அளவுகோல் இங்கேதான் இருக்கிறது. இதை ஒதுக்கிவைத்துவிட்டு ஜெபத்தைப் பற்றி எழுதுகிற எந்தப் புத்தகத்தையும் நான் பாதியில் மூடிவிடுவேன்.

முட்டிடிச்சான் பாறையும் காற்றாடிமலையும்

இதை விளக்க நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. நான் சிஎஸ்ஐ பின்னணியில் வந்தவன். நாங்கள் புனிதர்களிடம் பரிந்துபேசக் கேட்பதில்லை, கத்தோலிக்கச் சகோதரர்கள் கேட்பார்கள். அந்த வித்தியாசம் இருந்தாலும் தேவசகாயம் பிள்ளையின் கதை இந்த மாவட்டத்துக்கே பொதுச்சொத்து.

1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். நீலகண்டபிள்ளை என்பது பெயர். பத்மநாபபுரம் அரண்மனையில், மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் காலத்தில் பணியில் இருந்தார். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம், கால்நடைகளும் பயிரும் போயின. மனம் உடைந்திருந்த நேரத்தில் அவரோடு பழகியவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர். அவர் நீலகண்டபிள்ளைக்குச் சொன்னது யோபுவின் கதை என்று பாரம்பரியம் சொல்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நஷ்டத்தில் இருக்கிற ஒருவரிடம், எங்கள் கடவுளிடம் கேள், போனதெல்லாம் இரட்டிப்பாக வரும் என்று சொல்லி அழைத்திருக்கலாம். இன்றைக்குப் பல மேடைகளில் அப்படித்தான் அழைக்கிறார்கள். டிலனாய் எடுத்துக்கொண்டதோ எல்லாவற்றையும் இழந்தும் கடவுளோடு பேசுவதை நிறுத்தாத ஒரு மனிதனின் கதையை. யோபு பணிவாக மட்டும் பேசவில்லை. வழக்காடினான், குற்றம் சாட்டினான், பிறந்த நாளைச் சபித்தான். அவனைப் பார்க்க வந்த நண்பர்கள் கடவுளுக்கு வக்கீலாக மாறி, உன்னிடம் பாவம் இருக்கிறது, அதனால்தான் இப்படி என்றார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது நண்பர்கள்மேல். என்னைப்பற்றி யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்றார் (42:7). அதோடு விடவில்லை. அந்த நண்பர்களுக்காக யோபுவே ஜெபிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நீலகண்டபிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் ஜெபித்துப் பாறையில் முழங்கையால் இடிக்க, தண்ணீர் ஊறியது என்பது மக்கள் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்ற பெயரில் அந்த இடத்துக்கு இன்றும் ஆட்கள் போகிறார்கள். தண்ணீர் வந்தது, விலங்கு கழலவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15-ல் வாடிகனில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

பாறையில் நீர் ஊறியதை மட்டும் எடுத்துச் சாட்சி சொல்லலாம். காற்றாடிமலையை மட்டும் எடுத்து, ஜெபத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவரைப் புனிதர் என்று நினைவுகூர்கிறவர்கள் இரண்டு இடத்துக்கும் போகிறார்கள். அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரமும் இப்படித்தான். இரண்டாம் வசனத்தில் இயேசுவின் சீடரான யாக்கோபு வாளால் வெட்டப்படுகிறார். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறான். யாக்கோபுக்காகச் சபை குறைவாக ஜெபித்தது என்று, இந்தப் புத்தகத்தையும் எழுதிய லூக்கா எழுதவில்லை. ஏன் ஒருவருக்கு அப்படி, இன்னொருவருக்கு இப்படி என்றும் எழுதவில்லை.

"விசுவாசம் போதவில்லை"

அதே அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு காட்சி உண்டு. சபையார் ஒரு வீட்டில் கூடிப் பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் நம்பவில்லை, உனக்குப் பித்துப்பிடித்திருக்கிறது என்கிறார்கள். இவ்வளவு குறைந்த விசுவாசத்தோடு நடந்த ஜெபத்துக்குத்தான் அவ்வளவு பெரிய பதில் வந்து வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தது.

அதனால் விசுவாசத்தைப் பம்ப் அடித்து ஏற்றினால்தான் பதில் வரும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். மாற்கு 11:24-ல், கேட்டதைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள் என்று இயேசு சொல்வது உண்மைதான். அந்த வசனத்தை மழுப்ப முடியாது. தைரியமாகக் கேள், அரைமனதாகக் கேட்காதே என்கிறது அது. ஆனால் அதே இயேசுவிடம், நோயுற்ற மகனோடு வந்த தகப்பன் ஒருவன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான் (மாற்கு 9:24). நூற்றுக்கு நூறு வந்தபிறகு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை. மகனைச் சுகமாக்கினார்.

இன்னொன்று. 11:24-ஐச் சொல்கிறவர்கள் 11:25-ஐ விட்டுவிடுவார்கள். நின்று ஜெபிக்கும்போது யார்மேலாவது குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது அது. நம் ஊரில் ஒரு முழம் எல்லைக்காக அண்ணன் தம்பி இருபது வருடம் பேசாமல், ஒரே சபையில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து "கேட்டதைப் பெற்றுக்கொண்டோம்" என்று ஜெபிப்பது புதிய காட்சியா? விசுவாசம் குறைவதைவிட இதுதான் ஜெபத்துக்குத் தடை என்று எனக்குத் தோன்றும்.

விளக்கம் சரியா தப்பா என்று சோதிக்க நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான்: இதைத் தூத்தூரிலோ சின்னத்துறையிலோ போய்ச் சொல்ல முடியுமா? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் கடலில் இருந்தார்கள். கரையில் ஆலயங்கள் நிறைந்தன. ஜெபமாலை நிற்கவில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் குஜராத் கரையிலும் ஒதுங்கின, ஆட்கள் திரும்பினார்கள். பலர் திரும்பவே இல்லை, உடல்கூடக் கிடைக்கவில்லை. அடுத்தடுத்த வீடு, ஒரே ஜெபம். திரும்பி வந்தவரின் மனைவிக்கு விசுவாசம் அதிகம், வராதவரின் மனைவிக்குக் குறைவு என்று அந்தத் தெருவில் நின்று சொல்லத் துணிகிற போதகர் யோபுவின் நண்பர்களைவிட மோசமானவர்.

அங்கே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மக்கள் ஜெபித்துக்கொண்டு வீட்டில் மட்டும் இருக்கவில்லை. தேடுதலைத் தீவிரப்படுத்தச் சொல்லி டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தில் உட்காருவதில் முரண் இல்லை. கடவுளிடம் கேட்டோம் என்பதற்காக அரசாங்கத்திடம் கேட்கக்கூடாது என்று எந்த வேதத்திலும் இல்லை.

மருந்தும் அப்படியே. ஜெபித்துவிட்டேன், இனி மாத்திரை எதற்கு என்று கேட்பவர்கள் அவ்வப்போது தட்டுப்படுகிறார்கள். இங்கே ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த மிஷனரிகளே 1838-ல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த சாமர்வெல் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், திரும்பும் வழியில் நெய்யூரில் காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே ஊழியம் செய்ய வந்துவிட்டார். நெய்யூரில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களுக்காக ஜெபித்த வீடுகளுக்கு வந்த பதில்களில் அவருடைய கத்தியும் ஒன்று. நீரிழிவுக்காரர் ஊசியை நிறுத்துவதை விசுவாசம் என்று அழைக்காதீர்கள்.

காசு விஷயத்தை ஒரே பேச்சில் முடித்துவிடலாம். ஜெபம் கேட்கப்பட இவ்வளவு காணிக்கை அனுப்புங்கள் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய மேடையில் சொன்னாலும், எழுந்து வந்துவிடுங்கள். தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கப் பார்த்த சீமோனுக்குப் பேதுரு என்ன சொன்னார் என்று அப்போஸ்தலர் 8-ல் இருக்கிறது. நேர்ச்சை, பொருத்தனை என்பவை வேறு. அது நன்றியாகவோ ஒப்புக்கொடுத்தலாகவோ மனிதர் தாமாகச் செய்வது.

வருஷப் பிறப்பு வாக்குத்தத்தம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, ஜனவரி 1 பிறந்ததும் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் குவிந்திருக்கும் அட்டைகளில் ஒன்று. அதில் வரும் வசனம் அந்த வருடத்துக்கு உரியது என்று பைபிளில் செருகி வைப்பார்கள், பிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். எனக்கும் அந்த வழக்கம் பிடிக்கும். ஆனால் அட்டையில் இடம் குறைவு, முன்னும் பின்னும் உள்ள வசனங்கள் வெட்டுப்பட்டுப்போகும்.

எரேமியா 29:11 அடிக்கடி வரும். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம். வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு இது வந்தால், வேலை உறுதி என்று வீடே பேசும். எரேமியா இதை எழுதியது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. முந்தைய வசனத்தில், எழுபது வருஷம் கழித்துத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்கவே முடியாது. வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை, பேரப்பிள்ளைகள் திரும்பினார்கள். அட்டையை எடுத்ததும் அந்த முழு அதிகாரத்தையும் அன்றைக்கே வாசித்துவிடுவது நல்லது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

நேரம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. காலையில் சாயா போடுவதற்கு முன்னோ, பஸ்ஸில் உட்கார்ந்தபிறகோ, வசதிப்பட்ட ஒரு வேளை. நீங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். "கிருபையும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே" என்று தொடங்கினால்தான் ஜெபம் என்று நினைத்துப் பலர் வாய் திறக்கவே பயப்படுகிறார்கள். கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். எல்லாரையும் ஆசீர்வதியும் என்று முடித்துவிட்டால் பதில் வந்தாலும் தெரியப்போவதில்லை. ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். நடந்ததையும் எழுதுங்கள், நடக்காததை அடிக்காமல் விடுங்கள். பல வருடம் கழித்துப் புரட்டும்போது, நல்லவேளை இது நடக்கவில்லை என்று சிலவற்றைப் பார்த்துச் சொல்வீர்கள். சிலவற்றைப் பார்த்து அப்போதும் அப்படிச் சொல்ல வராது. அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

கோபம் வந்தால் கோபத்தோடு ஜெபியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது சங்கீதம் 13. சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. அதையும் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். சபையில் சாட்சி நேரத்தில் நடந்ததை மட்டும்தான் சொல்கிறோம். நடக்காமல் போனதையும், அதற்குப் பிறகும் ஜெபிப்பதையும் எழுந்து சொல்ல ஒருவர் வந்தால் அது எத்தனை பேருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும்!

யாராவது உங்களிடம் "ஜெபத்துல நினைச்சுக்கிடுங்க" என்றால், கண்டிப்பா என்று சொல்லிவிட்டு மறந்துவிடாமல், அந்த இடத்திலேயே இரண்டு வரி ஜெபித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, ஆபரேஷன் எப்படி முடிந்தது அக்கா என்று போன் பண்ணிக் கேளுங்கள்.

வாசிக்க வேண்டுமானால் மத்தேயு 6, 7 அதிகாரங்கள், லூக்கா 18-ன் முதல் பாதி, சங்கீதம் 13, அப்போஸ்தலர் 12 என்ற வரிசை போதும். யோபுவை முழுதாக எடுத்தால் நடுவில் திணறுவீர்கள். முதல் மூன்று அதிகாரங்களை வாசித்துவிட்டு 38-லிருந்து 42 வரை போங்கள். நண்பர்களின் நீண்ட பேச்சுகளைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம். அவை கேட்க மிகவும் பக்தியாக இருக்கும், ஆகவே பென்சிலை எடுத்துக்கொண்டு நிதானமாக வாசியுங்கள்.